பழைய சரக்கு வண்டியும் டீசல் சிக்கனமும்

1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பட்டபோது, கிராமத்தில் விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் பணியைப் பெரும்பாலும் மாட்டு வண்டியே செய்து வந்தது. இன்று அந்த இடத்தைச் சிறு சரக்கு மோட்டார் பெற்றிருக்கிறது. 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் ‘குட்டியானை’ என்று பெயரிட்டுத் தம் வீட்டுப் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்டனர். அதனினும் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் ஊர்தோறும் உள்ளன. விடியுமுன் பறித்த கத்தரியும் வெண்டையும் தக்காளியும் உழவர் சந்தைக்கும் மொத்த மண்டிக்கும் இவற்றில்தான் செல்கின்றன.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. மாட்டுக்கு இட்ட தீனியில் ஒரு பகுதியேனும் எருவாக நிலத்துக்குத் திரும்பி வந்தது. மோட்டார் வண்டி வீணாக்கும் டீசலோ புகையாகவும் வெப்பமாகவும் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. ஆதலின், பழைய வண்டியை வைத்துப் பிழைப்பு நடத்துவோர் டீசலைச் சிக்கனமாகச் செலவிடும் முறைகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் குடியானவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வண்டி நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் 25 நாட்கள் ஓடுகிறது. அதாவது 1,750 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் மாதம் ஏறத்தாழ 146 லிட்டர் டீசல் வேண்டும். அதே வண்டி 14 கிலோமீட்டர் ஓடினால் 125 லிட்டர் போதும். ஓர் ஆண்டில் மீதமாவது 250 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால், இத்தொகை 22,500 ரூபாய் ஆகிறது. தக்காளி விலை வீழ்ந்த மாதத்தில் வண்டிக் கடனுக்குத் தவணை கட்டுவதா, பிள்ளையின் கல்விக் கட்டணம் கட்டுவதா என்று தயங்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

முதலில் அளந்து பாருங்கள்

‘வண்டி டீசலை அதிகம் குடிக்கிறது’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. அளவு தெரிய வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டாங்கியை நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு முறை கிடைத்த கணக்கை நம்பலாகாது. மூன்று முறை நிரப்பிச் சராசரி கண்டால் உண்மை வெளிப்படும். மீட்டரே பிழையாக இருக்கக்கூடும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களுடன் 10 கிலோமீட்டர் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

டீசல் எங்கே போகிறது?

டீசல் எஞ்சினை உருவாக்கிய ருடால்ஃப் டீசல், 1897 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எண்ணெயில் இருந்த சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களைவிட இது மிக உயர்ந்த அளவாகும். இன்றைய சிறு வண்டிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நமக்குப் பயன்படுகிறது. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. பயன்படும் அந்த ஒரு பங்கையும் டயரின் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, மேடேறுதல், பிரேக் ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன. எஞ்சினின் இயல்பை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் இந்நான்கின் பங்கையும் குறைக்க இயலும்.

செலவில்லாத சோதனைகள்

மைலேஜ் குறைந்தவுடன் எஞ்சினைப் பிரிக்க முற்படுவது தவறு. நகையை அடகு வைத்து எஞ்சின் வேலை பார்த்த பின்பு, குறை சக்கரத்தில் இருந்ததெனக் கண்டால் வருந்துவதைத் தவிர வேறென் செய்வது? எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே முறை.

டயரின் காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் அதிக அழுத்தம் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். வண்டியின் கையேட்டில் பாரத்துக்கு ஏற்ற அளவு குறிப்பிடப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த வேலைக்கும் டீசலே கூலி கொடுக்கிறது.

அடுத்து, அதிகம் பிரேக் போடாமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திச் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு சென்று பாருங்கள், தொட வேண்டா. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது என்பது பொருள். ஜாக்கியால் தூக்கி, கையால் சுற்றினால் உண்மை விளங்கும். இக்குறை டீசலை மட்டுமன்று, உயிரையும் பறிக்க வல்லது. டயரின் ஓரம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேரமைப்பைச் சரிசெய்ய வேண்டும். மேடேறும்போது எஞ்சின் இரைச்சல் கூடியும் வண்டியின் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் வழுக்குகிறது என்று அறியலாம்.

எஞ்சினில் கவனிக்க வேண்டியவை

டீசல் எரியக் காற்று வேண்டும். செம்மண் சாலையிலும் களத்து மேட்டிலும் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி விரைவில் அடைபடுகிறது. அப்போது டீசல் முழுவதும் எரியாமல் கரும்புகையாக வெளிவரும். கையேடு கூறும் கால அளவு நல்ல சாலைக்கு உரியது. புழுதியில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னரே வடிகட்டியைப் பார்க்க வேண்டும்.

வடிகட்டி சுத்தமாக இருந்தும் கரும்புகை நீங்காவிடில், நாசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் பார்க்கச் சொல்ல வேண்டும். நல்ல நாசில் டீசலைப் பனிபோல் தூவும். தேய்ந்தது சொட்டுச் சொட்டாக ஒழுக்கும். வால்வு இடைவெளியையும் உடன் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஒரு முறை கொதித்துவிட்டால், தெர்மோஸ்டாட் என்னும் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ‘வெயில் நாட்டுக்கு இது எதற்கு?’ என்பது அவர்கள் வாதம். எஞ்சின் நீர் ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் அடையும் வரையில், அது ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பதே இவ்வால்வின் வேலை. இதனை நீக்கினால் எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் ஆகிறது. டீசல் செலவும் தேய்மானமும் கூடுகின்றன. கொதிப்புக்குக் காரணம் அடைபட்ட ரேடியேட்டராகவோ தளர்ந்த பெல்ட்டாகவோ இருக்கலாம். அதைக் கண்டு நீக்கி, வால்வைத் திரும்பப் பொருத்துவதே முறையாகும்.

நீலப் புகை வந்து, எஞ்சின் ஆயிலும் விரைவாகக் குறைந்து, காலையில் கிளப்புவதும் கடினமானால், எஞ்சின் தேய்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்நிலையில்தான் எஞ்சின் வேலைக்குச் செலவிடுவதா, வண்டியை மாற்றுவதா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநரின் கையிலும் காலிலும்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 பங்கு என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 64 பங்கே. இதனால் 30 கிலோமீட்டர் பயணத்தில் நாம் இழப்பது 6 நிமிடம் மட்டும். சுமையின் மேல் காற்றில் படபடக்கும் தார்ப்பாயும் காற்றைத் தடுத்து டீசலைத் தின்னும். அதை இறுக்கிக் கட்டுதல் நலம்.

முன்னே உள்ள வேகத்தடையையும் நெரிசலையும் தொலைவிலேயே கண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுபவரே சிறந்த ஓட்டுநர். ஒவ்வொரு முறையும் பிரேக்கை அழுத்தும்போது, முன்னர் டீசல் கொடுத்து வாங்கிய வேகத்தையே நாம் வெப்பமாக்கி வீணடிக்கிறோம். மண்டியில் சுமை இறக்கும்வரை எஞ்சினை ஓடவிடுவதும் அத்தகைய வீண் செலவே.

செய்யத் தகாதவை

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் டீசல் மீதமாகும் என்று பலர் நம்புகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால், வண்டியின் ஓட்டமே எஞ்சினைச் சுற்றுகிறது. பம்பு டீசலை நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தானே சுற்றுவதற்கு டீசல் வேண்டும். அன்றியும், எஞ்சினின் பிடிப்பு இல்லாமையால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் காய்ந்து பயனற்றுப்போகும். எஞ்சினையே நிறுத்திவிட்டால் பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் குன்றும். தாளவாடியிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் இறங்கும் ஒருவர் இதைச் செய்தால், மீதமாவது ஒன்றுமில்லை, பணயமாவது உயிர்.

மண்ணெண்ணெயைக் கலப்பதும் தீங்கானது, சட்டத்துக்கும் புறம்பானது. பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு வழுவழுப்புத் தருவது டீசலே. மண்ணெண்ணெய்க்கு அத்தன்மை குறைவு. நூறு ரூபாய் மீதம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் பம்பு வேலைக்கு அழ நேரிடும். குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் ஏறும் என்போர் பேச்சுக்கும் செவி கொடுக்க வேண்டா.

கூடி ஏற்றினால் கோடி நன்மை

இவை யாவற்றையும்விடப் பெரிய சிக்கனம் ஒன்று உண்டு. பாதிப் பாரத்துடன் இரண்டு வண்டிகள் ஒரே சந்தைக்குச் செல்வதைவிட, முறை வைத்து ஒரே வண்டியில் முழுப் பாரம் ஏற்றிச் செல்வது, கூடைக்கு ஆகும் டீசல் செலவைப் பாதியளவுக்குக் கொண்டுவரும். திரும்பும்போது வெறுமனே வராமல் உரமோ தீவனமோ ஏற்றி வரலாம். ஆனால் அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றுவது சிக்கனமாகாது. டயரும் பிரேக்கும் அச்சும் அதற்கு வட்டியும் முதலும் வசூலித்துவிடும்.

வண்டிக்குள் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வோம். டீசல் போட்ட நாள், லிட்டர், கிலோமீட்டர் ஆகிய மூன்றையும் எழுதி வருவோம். பழைய வண்டி தன் நோயைத் தானே அதில் சொல்லும். அதைப் படித்து உரிய காலத்தில் மருந்து கொடுத்தால், வியர்வை சிந்தி விளைத்த பொருளின் பலன் புகையாகப் போகாமல் வீடு வந்து சேரும்.