எல்லையில் பாற்சோதனை

ஓணத் திருநாள் நெருங்குங்கால் கேரளத்தில் பாலின் தேவை பெருகும். தமிழ்நாட்டிலிருந்து பால் வண்டிகள் மிகுதியாக வரும். பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரத்திலும் இடுக்கி மாவட்டத்துக் குமுளியிலும் பால்வளத்துறையினர் அப்பாலைச் சோதிப்பர். 2022 ஆகஸ்டில் மீனாட்சிபுரத்திற்கு வந்த 12,750 லிட்டர் பாலில் யூரியா கலந்திருந்தமை கண்டறியப்பட்டது.

பாலில் நீர் கலந்தால் அதன் அடர்த்தி குறையும். அக்குறையை மறைக்கவே யூரியாவைச் சேர்க்கின்றனர். அதிலுள்ள நைட்ரஜன், பாலில் புரதம் மிகுந்திருப்பதுபோலக் காட்டும். 2008ஆம் ஆண்டு சீனத்தில் இதே நோக்குடன் மெலமைன் கலக்கப்பட்ட பால்மாவினால் குழந்தைகள் ஆறு பேர் இறந்தனர். இந்தியா சீனப் பாற்பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது.

பாலைக் காய்ச்சினால் கிருமிகள் அழியும், யூரியா அகலாது. கண்ணுக்கும் நாவுக்கும் அது எளிதில் புலப்படாது. ஆதலின், பால் வீட்டை அடையுமுன் எல்லையிலேயே சோதிப்பது இன்றியமையாதது.