'ஹவுண்ட் டாக்' யாருடைய பாட்டு?

அமெரிக்கக் கறுப்பின இசையைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு: 'ஹவுண்ட் டாக்' பாட்டை ஒரு கறுப்பினப் பெண்ணிடமிருந்து எல்விஸ் பிரெஸ்லி திருடிக்கொண்டார். கைதட்டல் வாங்கும் வாசகம்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் சுரண்டலின் வேர் பிடிபடும்.

'பிக் மாமா' என்று அழைக்கப்பட்ட வில்லி மே தார்ன்டன் 1926இல் அலபாமாவில் பிறந்தவர். டிரம்ஸையும் மௌத் ஆர்கனையும் தாமே கற்றுக்கொண்டவர். அன்று கறுப்பர்களின் இசைத்தட்டுகளுக்குத் தனிப் பட்டியல். பில்போர்ட் இதழ் 1949இல்தான் அந்தப் பட்டியலின் 'ரேஸ்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று அச்சிட்டது. பெயர் மாறியது, பட்டியல் தனியாகவே இருந்தது, சேரிபோல.

1952 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் தார்ன்டன் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். எழுதியவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற 19 வயது யூத இளைஞர்கள். ஆக, பாட்டை எழுதியவர் தார்ன்டன் அல்ல. உட்கார்ந்து தின்னும் ஆண் ஒருவனைப் பெண் வாசலுக்கு வெளியே தள்ளுகிற பாட்டு அது. அந்த உறுமல், கிட்டார் ஒலிக்கும்போது அதனோடு வம்பளக்கும் குரல், ஒரு சொல்லை இழுத்துப்பிடித்துச் சட்டென விடும் திமிர்: இவற்றை எந்தத் தாளில் எழுத முடியும்? 1953இல் அந்தத் தட்டு ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார்.

தட்டை வெளியிட்ட ஹூஸ்டன் நகரத்துப் பீகாக் நிறுவனத்தின் முதலாளி டான் ராபி ஒரு கறுப்பர். இதை நாம் விழுங்கிவிடக் கூடாது. மெம்ஃபிஸின் சன் நிறுவனம் ரூஃபஸ் தாமஸைக்கொண்டு இதே மெட்டில் 'பேர் கேட்' என்று பதில்பாட்டு வெளியிட்டபோது, ராபி வழக்குப் போட்டு வென்றார். மெட்டுக்கு நீதி கிடைத்தது. மெட்டுக்கு உயிர் கொடுத்த குரலுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை.

எல்விஸ் 1956 ஜூலையில் பாடினார். அவர் பின்பற்றியது தார்ன்டனை அல்ல. லாஸ் வேகஸில் ஃபிரெடி பெல் குழு பாடிய, சொற்கள் மாற்றப்பட்ட வடிவத்தை. அதில் சோம்பேறி ஆண் காணாமல்போய் நிஜ நாயே வந்துவிட்டது. பெண்ணின் கோபம் வேடிக்கையானது. அந்தத் தட்டு பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் புளூஸ் ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது. எழுதியவர்களுக்கு உரிமத்தொகை வந்தது. முதலில் பாடியவருக்கு ஒன்றும் வரவில்லை. வரவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் சொத்து என்பது எழுதப்பட்ட சொல்லும் மெட்டும்தான். 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான ஒலிக்கு 2018 வரை அமெரிக்கக் கூட்டாட்சிப் பதிப்புரிமைப் பாதுகாப்பே இருக்கவில்லை.

அப்படியானால் தார்ன்டனே எழுதியிருந்தால் தப்பியிருப்பாரா? எழுதவும் செய்தார். 1967இல் மான்டெரே விழாவில் ஜானிஸ் ஜாப்லின் பாடிப் புகழ்பெற்ற 'பால் அண்ட் செயின்' தார்ன்டனின் சொந்தப் பாட்டு. அதை முதலில் பதிவு செய்த சிறு நிறுவனம் தட்டை வெளியிடவில்லை. பதிப்புரிமையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. தாளில் பெயர் இருந்தும் தாள் அவர் கையில் இல்லை.

1984இல், 57 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதியில் தார்ன்டன் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் 2024இல் அவர் பெயரைச் சேர்த்தது. இன்றும் அமெரிக்காவின் ஏஎம், எஃப்எம் வானொலிகளில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகிறது; பாடியவருக்குக் கொடுக்கச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை.