வென்ற கோட்டைகளும் மெலிந்த படையும்

படை முன்னேற முன்னேற அதன் வலிமையும் பெருகும் என்றே பொதுவாக எண்ணுகிறோம். இந்தக் கோட்டை வீழ்ந்தது, அந்தக் கோட்டை வீழ்ந்தது என்று பாடப்புத்தகம் வரிசையாகச் சொல்லிச் செல்லும்போது, வென்றவன் கை ஓங்கிக்கொண்டே போவதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் உண்மை பல வேளைகளில் இதற்கு நேர்மாறானது. இதனை விளக்க அயல்நாட்டுப் போர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, மாணவர்களே! நான் வாழும் தருமபுரிச் சீமையே போதும்.

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அவற்றை அடுத்த சில பகுதிகளும் பதினெட்டாம் நூற்றாண்டில் பாராமகால் என்று பெயர் பெற்றிருந்தன. பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்று அதற்குப் பொருள் சொல்வாரும் உண்டு. மேலே மைசூர்ப் பீடபூமி. கீழே ஆர்க்காட்டுச் சமவெளி. இரண்டிற்கும் இடையே மாடிப்படியின் நடுப்படி போல அமைந்தது இந்நாடு. சென்னையிலிருந்து மைசூருக்கு ஏறுவோரும், மைசூரிலிருந்து சென்னைக்கு இறங்குவோரும் இப்படியில் கால் வைத்தாக வேண்டும். அல்லது இதனை ஒதுக்கிச் சுற்றிப் போக வேண்டும். செங்கம், தொப்பூர் முதலிய கணவாய்களே இதன் வாயில்கள்.

1767-ஆம் ஆண்டில் ஐதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முதல் மைசூர்ப் போர் மூண்டது. அடுத்த ஆண்டில் கர்னல் உட் என்னும் தளபதி பாராமகாலிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். தென்கரைக்கோட்டை, தருமபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கைக்கு வந்தன. சில மாதங்களில் இத்தனை வெற்றி! சென்னையிலிருந்த கம்பெனி ஆட்சியாளர் அகமகிழ்ந்தனர். அடுத்த இலக்கு பெங்களூர் என்றனர். போதாக்குறைக்குத் தளபதி ஸ்மித்தின் பாசறைக்கே தம் பிரதிநிதிகளை அனுப்பி, போர் நடத்தும் முறையிலும் தலையிட்டனர். வரவு செலவு பார்ப்பதில் வல்லவர்களான அவ்வணிகர்கள், இந்த ஒரு கணக்கை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்கணக்கு யாது? ஒரு பேச்சுக்காகப் பதினாயிரம் பேர் கொண்ட சேனை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அது பன்னிரண்டு கோட்டைகளைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் இருநூறு பேரைக் காவலுக்கு நிறுத்துகிறது. ஒரு தோல்வியும் இல்லாமலே, ஒருவர்கூட இறவாமலே, 2,400 பேர் களத்தை விட்டு நீங்கிவிட்டனர். மேலும், இருநூறு பேர் காக்கும் கோட்டையை இரண்டாயிரம் பேர் வந்து வளைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? ஆக, வெற்றியே சேனையைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, பகைவன் தனித்தனியே விழுங்குவதற்கு ஏற்றபடி பரிமாறி வைத்துவிடுகிறது.

ஐதர் விழுங்கினார். 1768 நவம்பரில் உட் தம் மூட்டை முடிச்சுகளையும் பெரும் பீரங்கிகளையும் பாகலூரில் விட்டுவிட்டு ஓசூரின் உதவிக்கு விரைந்தார். ஐதரோ அவர் இல்லாத பாகலூரில் பாய்ந்து அவற்றைக் கவர்ந்து சென்றார். பின்னர்க் கணவாய் வழியே பாராமகாலில் இறங்கினார். தருமபுரி தொடங்கி, பல மாதங்களில் பிடித்த கோட்டைகள் சில வாரங்களிற் பறிபோயின. 1769 மார்ச்சில் ஏறத்தாழ ஆறாயிரம் குதிரை வீரர்களுடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து ஐதர் சென்னையின் புறத்தே வந்து நின்றார்.

இங்கே நான் ஐதரிடம் மிகவும் வியப்பது அவருடைய வேகத்தை அன்று. அவர் நின்ற இடத்தை. குதிரைப்படையால் புனித ஜார்ஜ் கோட்டை மதிலை இடிக்க முடியாது என்பதை அவர் அறிவார். ஆகவே கோட்டையைத் தாக்காமல், அச்சம் உச்சத்தில் இருந்த அந்த வேளையிலேயே ஏப்ரல் மாதத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பினார். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது ஏன் என்பதற்கு இந்நிகழ்ச்சியை உரையாகவே கொள்ளலாம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கம்பெனி அதே படிப்பினையை மீண்டும் விலை கொடுத்துப் பெற்றது. 1791-இல் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் தாமே படை நடத்தினார். பாராமகாலை ஒதுக்கிவிட்டு, வடக்கே மூகிலிக் கணவாய் வழியாக ஏறி, மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். மே மாதத்தில் திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டினத்தை நோக்கி நடந்தார். நகருக்கு அருகே அரக்கெரேயில் நடந்த போரிலும் வென்றார். தலைநகரோ கண்ணுக்குத் தெரியும் தொலைவில்! எனினும் அம்மாத இறுதியில் அவர் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தம் ஆட்களைக் கொண்டே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது.

அவரைத் தோற்கடித்தது வாளன்று, வைக்கோல். அக்காலத்தில் பீரங்கியை இழுப்பதும் எருது, அரிசி சுமப்பதும் எருது. எருதுக்கோ நாள்தோறும் தீனி வேண்டும். திப்பு தம் நாட்டுத் தீவனத்தையும் தானியத்தையும் தாமே அழித்து, வழியை வெறுமையாக்கியிருந்தார். தொலைவு கூடக் கூட, சுமக்கும் மாடுகள் தமக்கு வேண்டியதைச் சுமப்பதற்கே சரியாயிற்று. மழையும் முந்திக்கொண்டது, மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன, பீரங்கிகளை மனிதரே இழுத்தனர். பாதையோரத்துக் குடியானவர்கள் இழந்த விளைச்சலையும் மாட்டையும் எந்தத் தளபதியின் அறிக்கையும் முழுமையாகக் கணக்கிட்டதில்லை. ஆயினும் ஒரு படையெடுப்பின் முதற் செலவு அவர்கள் தலையில்தான் விழுந்தது.

இதனை ஓர் இலக்கணமாக வகுத்தவர் ஜெர்மானியச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ். 1812-இல் நெப்போலியன் உருசியாவின்மீது படையெடுத்தபோது அவர் உருசியப் படையில் பணி செய்தவர். நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட வீரருடன் எல்லை கடந்த நெப்போலியன், மாஸ்கோவை அடைந்தபோது அவருடன் இருந்தவர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரே. தாக்குவோன் முன்னேறும்தோறும் அவன் வலிமை தேய்கிறது. ஒரு கட்டத்திற்குப்பின், பெற்றதைக் காக்கும் அளவுக்குக்கூட அது போதாமற் போகிறது. அந்த உச்சியை முன்கூட்டியே உணர்வதுதான் தளபதியின் கடமை என்பது அவர் கருத்து. அவருடைய நூல் அவர் இறந்தபின் 1832-இல் வெளிவந்தது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே பாகலூரும் அரக்கெரேயும் அதற்குச் சான்று காட்டிவிட்டன.

பின்வாங்கிய காரன்வாலிஸ் உடனே மீண்டும் தலைநகரின்மேற் பாயவில்லை. தாம் ஒதுக்கிவிட்டுச் சென்ற நடுப்படிக்கே கவனத்தைத் திருப்பினார். சமவெளியிலிருந்து தானியம் தடையின்றி வருவதற்காக, ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் பிடிக்கப்பட்டன. அக்டோபர் முடிவில் மாக்ஸ்வெல் பென்னாகரத்தைப் பிடித்தார். கிருஷ்ணகிரியில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. பேட்டை கைக்கு வந்தும், பாறைமேல் நின்ற மேற்கோட்டை நவம்பரில் அவர் படையை உருட்டித் தள்ளியது. அங்கேயே மோதிக்கொண்டிராமல் அதனை அப்படியே விட்டுவிட்டனர்.

1792 பிப்ரவரியில் மராட்டியர், நிஜாம் படைகளுடன் காரன்வாலிஸ் மீண்டும் சீரங்கப்பட்டினத்தின் முன் நின்றார். இம்முறை பின்னால் வழி திறந்திருந்தது. முற்றுகை இறுகியபோது திப்பு இணங்கினார். நகரினுள் புகவேண்டும் என்று துடித்த அதிகாரிகள் பலர் இருந்தும், காரன்வாலிஸ் பாதி நாட்டோடு நிறுத்திக்கொண்டார். மார்ச்சில் முடிந்த அவ்வுடன்படிக்கையின்படி கம்பெனிக்கு வந்த பகுதிகளுள் ஒன்று, முந்தைய ஆண்டில் அவர் சுற்றிக்கொண்டு சென்ற பாராமகால்.