தளராத தடை

1946இல், விடுதலைக்கு முன்பே, இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. நேட்டாலில் தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் நிலம் வாங்கும் உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டமே காரணம். பம்பாய்த் துறைமுகத்திலிருந்தும் அங்கே சரக்கு போகக்கூடாது என்றானது. நட்டம் நமக்கும்தான், ஆனாலும் 1993 வரை தடை நீடித்தது. 1974இல் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்து, டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியையே விட்டுக்கொடுத்தோம். கோப்பையைவிடப் பெரிய கௌரவம் அது.

தடை ஏழைகளைத்தானே வாட்டும் என்பார்கள். வாட்டும்தான். ஆனால் தடை விதியுங்கள் என்று உலகைக் கேட்டவரே தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி. தனியொரு நாட்டின் தடை அங்கிருந்த நிறவெறி ஆட்சியை வீழ்த்தவில்லை என்பதும் உண்மை. பின்னர் பிறரும் சேர்ந்தார்கள். 1985இல் அமெரிக்க அதிபர் ரீகன் தேசிய நெருக்கடி அறிவித்துத் தென்னாப்பிரிக்கா மீது கட்டுப்பாடுகள் விதித்தார். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அவரது எதிர்ப்பையும் மீறிக் கடுமையான சட்டம் இயற்றியது. 1990இல் சிறையிலிருந்து விடுதலையான மண்டேலாவும் தடையைத் தளர்த்தாதீர்கள் என்றே கேட்டார்.