கத்தி கைமாறும் கதைகள்

1990களில் பெங்களூரில் பல வீட்டுக் கதவுகளிலும் சுவர்களிலும் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ராத்திரியில் ஒரு பெண் பேய் வரும், வீட்டில் உள்ளவர்களுக்குப் பழகிய குரலில் கூப்பிடும், கதவைத் திறந்தால் உயிர் போய்விடும் என்று பேச்சு. ‘நாளைக்கு வா’ என்று எழுதிவைத்தால் அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுமாம். 2018இல் வந்த ‘ஸ்த்ரீ’ என்ற இந்திப் படத்துக்கு இந்தக் கதைதான் மூலம்.

அதே ஆண்டுகளில் கர்நாடகத்தை நடுங்கவைத்த உண்மையான கும்பல் ஒன்று இருந்தது. ஹொசகோட்டே அருகிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ‘தண்டுபாளையா கும்பல்’ என்று அது அறியப்பட்டது. ஊர் ஓரத்தில் தனித்திருக்கும் வீடுகளை நோட்டம் விடுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிய பிறகு, பட்டப்பகலில் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பார்கள். கதவு திறந்ததும் கொலை, கொள்ளை.

இந்தக் கும்பலால்தான் அந்தப் பேய்க்கதை பிறந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால், இரண்டிலும் பயம் ஒன்றுதான்: கதவைத் தட்டும் முகம் தெரியாத ஆள். வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். பேய் வந்தது ராத்திரியில். கொலையாளிகள் வந்தது பகலில். உயிரைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒரு தகவல் கதையில் இல்லை.

ரேஸர் போன கை

பயம் கதையாகும்போது எது உதிர்கிறது, எது ஒட்டிக்கொள்கிறது? அமெரிக்க உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் இதைச் சோதித்துப் பார்த்து, 1947இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஒரு படத்தை ஒருவருக்குக் காட்டுவார்கள். அவர் அதைப் பார்க்காத இன்னொருவரிடம் விவரிப்பார், அவர் அடுத்தவரிடம் சொல்வார். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் சுமார் 70 சதவீத விவரங்கள் காணாமல் போயின. மிஞ்சிய சிலவோ ஊதிப் பெரிதாயின.

ஒரு படத்தில், ரயில் பெட்டிக்குள் ஒரு வெள்ளையர் சவர ரேஸரைப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்பரிடம் வாக்குவாதம் செய்கிறார். நடந்த சோதனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், ஏதோ ஒரு கட்டத்தில் அந்த ரேஸர் கறுப்பரின் கைக்குப் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஏற்கெனவே மனதில் இருந்த சந்தேகத்துக்கு ஏற்றபடி ஞாபகம் தன்னைத் திருத்திக்கொண்டது.

அதிர்வும் சேதமும்

வதந்தி ஆய்வில் ஓர் இந்தியர் இவர்களுக்கும் முன்னோடி. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய பூகம்பத்துக்குப் பிறகு, பரவிய வதந்திகளை உளவியலாளர் ஜமுனா பிரசாத் சேகரித்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதையும் காணாத பகுதியில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சு பலமாக இருந்தது. பின்னர் டார்ஜிலிங் நிலச்சரிவை நேரில் கண்டவர்களிடம் உளவியலாளர் துர்கானந்த் சின்ஹா விசாரித்தபோது, அந்த மாதிரி வதந்திகள் ஏறக்குறைய இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் ஒரு விளக்கம் தந்தார். உடம்பு நடுங்குகிறது, ஆனால் நடுங்குவதற்கான காரணம் கண்ணில் படவில்லை. அப்போது மனம் அந்தப் பயத்துக்குப் பொருத்தமான காரணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

தப்பியது எப்படி?

பயம் இப்படிக் காரணம் தேடும்போது ஒரு மனிதனே பூதமாகிவிடலாம். சேலம் மாவட்டம் எடப்பாடிப் பக்கத்தைச் சேர்ந்த லாரி டிரைவர் ஜெய்சங்கர், தமிழகத்திலும் கர்நாடகத்திலும் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற பல வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர். பத்திரிகைகள் அவருக்கு ‘சைக்கோ சங்கர்’ என்று பெயர் வைத்தன. அந்தப் பெயர் ஒட்டியதும், எங்கும் தோன்றி எதிலும் அகப்படாத ஒரு பூதத்தின் உருவம் அவருக்கு வந்துவிட்டது.

வழக்கின் விவரங்களில் பூதம் இல்லை. 2009 அக்டோபரில் அவர் கைதானார். 2011 மார்ச்சில், தருமபுரி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவரும் வழியில் சேலத்தில் தப்பினார். மே மாதம் பிஜாப்பூர் மாவட்டத்தில் பிடிபடுவதற்குள் கர்நாடகத்தில் மேலும் வழக்குகள் சேர்ந்தன. 2013 செப்டம்பர் 1 அன்று, ஓசூர் ரோட்டுக்கு அருகே உள்ள பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறையின் மதிலைத் தாண்டி மறுபடியும் தப்பினார். குதித்ததில் கால் முறிந்தது. அதே ரோட்டில் கூட்லு கேட் அருகே செப்டம்பர் 6 அன்று பிடிபட்டார். 2018 பிப்ரவரியில் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

காவலில் ஓட்டை, மாநில எல்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நின்ற பெண்களுக்குப் பாதுகாப்பின்மை: இவைதான் அவருக்கு வழிவிட்டன. இவை அத்தனையும் சரிசெய்யக்கூடியவை. பூதத்தைச் சரிசெய்ய முடியாது.

வெட்டப்பட்ட கடைசிக் காட்சி

2018இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ பரவியது. பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். ஆல்போர்ட் சொன்ன உதிர்தல் இங்கே கத்தரிக்கோலால் நடந்தது.

மே 9 அன்று போளூர் அருகே, கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். மே 23 அன்று பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் ராஜஸ்தான் இளைஞர் ஒருவரைக் கடத்தல்காரர் என்ற சந்தேகத்தில் கூட்டம் கொன்றது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2023 மார்ச்சில் எதிர்த்திசையிலும் கதை கிளம்பியது: தமிழகத்தில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்ற பொய் வீடியோக்களால் பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். இரண்டு தடவையும் ரேஸர் போய்ச் சேர்ந்தது ‘வேற்று ஆள்’ கைக்குத்தான்.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பகுதி வெளியாட்களின் உழைப்பால் ஓடுகிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் பலருக்குப் பக்கத்து அறைக்காரரின் பாஷை தெரியாது. ஒரு வதந்தி இங்கே யார்மேல் விழும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். அடுத்த முறை ஒரு பயங்கரச் செய்தி வந்தால், எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ஸ்டேஷனில் வழக்கு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மேலே அனுப்பாதீர்கள். சந்தேகம் நிஜமென்றால் 112க்கோ, குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் 1098க்கோ சொல்லுங்கள்.

மக்களின் பயம் பொய்யில்லை. பெண்கள் கொல்லப்பட்டது நிஜம், கதவைத் தட்டிய கொலையாளிகள் நிஜம். அந்தப் பயத்துக்குச் செய்யும் நியாயம், இருட்டான பஸ் ஸ்டாப்பில் விளக்குக் கேட்பது. இரவு ஷிஃப்ட் பெண்களை வீட்டு வாசல்வரை கொண்டுவிடச் சொல்லி கம்பெனிகளைக் கேட்பது. இரு மாநிலப் போலீசும் சேர்ந்து வேலைசெய்ய வேண்டும் என்று கேட்பது.