சாவுக்கு முன்பே தொடங்கும் துக்கம்

எண்பதுகளில் இலங்கை யுத்தத்துக்குத் தப்பி டென்மார்க் வந்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. கொப்பன்ஹேகனை ஒட்டிய புரொண்பியிலும் சரி, தமிழர் அதிகம் வாழும் யூலாந்து ஊர்களிலும் சரி, தாயையோ தகப்பனையோ கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. செத்தவீட்டுக்கு ஊரே வரும். அதற்கு முந்தைய வருடங்களில் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை.

அந்த வருடங்களில் நடப்பதும் துக்கம்தான். மறதிநோய் வந்தவர்கள் பிந்திக் கற்ற மொழியை முதலில் தொலைப்பதுண்டு. வேலையிடத்தில் காலமெல்லாம் டேனிஷ் பேசிய அப்பா, தாதி கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்வார். ஒருநாள் மகளையே தன் அக்கா என்று நினைத்துக் கூப்பிடுவார். ஆள் எதிரே இருக்கிறார், பழகிய அப்பா இல்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். முடிவு தெரியாத இழப்பு என்பதால் அழுது தீர்க்கவும் முடிவதில்லை. 'இருக்கிறவருக்காக அழலாமா' என்று வீட்டில் கண்டிப்பார்கள், அழலாம். 'சீக்கிரம் முடிந்தால் நல்லது' என்று மனம் ஒரு கணம் நினைக்கும். அது களைப்பு, அன்பு குறைந்துவிடவில்லை.

இனிக் குணப்படுத்த முடியாது என்று மருத்துவர் சொன்னபின், வீட்டிலேயே இருக்க விரும்புபவரைக் கவனிக்க வேலையில் விடுப்பு எடுக்கலாம். உள்ளூராட்சியான கொம்யூன் கொடுப்பனவு தரும். பிள்ளைகள்தான் என்றில்லை, நெருங்கிய சினேகிதரும் விண்ணப்பிக்கலாம். கேட்காமல் இருந்தால் யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

மரணத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். சைவர்களானாலும் அதைப் பெரும்பாலும் கையாள்வது தேவாலய அலுவலகம்தான். தகனத்துக்குப் பொதுவாக எட்டு நாள் கெடு. இங்கேதான் நம் கணக்கு இடறும்: எட்டுச்செலவு நாளில் உடல் இன்னும் குளிர் அறையிலேயே இருக்கலாம். காடாற்றுக்குச் சாம்பலும் மறுநாளே கைக்கு வருவதில்லை. எதை எப்போது செய்வது என்று ஐயரிடம் முன்பே பேசிவைத்தால், அந்த வாரத்தில் சண்டை பிடிக்க வேண்டியிராது. சாம்பலைத் திறந்த கடலில் கரைக்க அனுமதி கிடைக்கும், ஏரியிலும் ஆற்றிலும் கிடையாது. இறந்தவரின் விருப்பம் அதுவே என்று காட்ட வேண்டும். அதனால் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். கேட்கக் கூசும்தான். பல முதியவர்கள் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்.

டென்மார்க் சட்டம் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு 26 வாரத் துக்க விடுப்புத் தருகிறது. தாயை இழந்த ஐம்பது வயது மகளுக்கு அப்படி எதுவுமில்லை. வேலையிட ஒப்பந்தமும் முதலாளியின் மனமும்தான் கணக்கு. 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு ஆண்டு விடுமுறையில் இரண்டு நாளை ஒதுக்கி வையுங்கள்.