காசை நகர்த்துவது யார்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜப்பானிய அனிமேயில் வரும் பள்ளிப் பேய்க் கதைகளை விடாமல் பார்க்கிறாள். அதில் மூன்று மாணவிகள் ஒரு காசின் மேல் விரல் வைக்கிறார்கள். யாரும் தள்ளாமலேயே அது எழுத்து எழுத்தாக நகர்ந்து பதில் சொல்கிறது. நிஜத்தில் இப்படி நடக்குமா?"

நடக்கும். காசு நகரும், "நான் தள்ளவில்லை" என்று அந்தப் பிள்ளைகள் சொல்வதும் பொய்யில்லை. ஆவி மட்டும்தான் அங்கே கிடையாது.

ஜப்பானியப் பள்ளிகளில் 'ஏழு மர்மங்கள்' என்று ஒரு பட்டியல் வாய்வழியாகவே உலவும். மூன்றாவது தளக் கழிப்பறையின் மூன்றாவது கதவைத் தட்டினால் பதில் குரல் கொடுக்கும் ஹனாகோ, நள்ளிரவில் தானே ஒலிக்கும் பியானோ, கண்ணை உருட்டும் பீத்தோவன் படம் என்று அது பள்ளிக்குப் பள்ளி மாறும். அவையெல்லாம் கேட்டுப் பயப்படுவதற்கான கதைகள். உங்கள் மகள் பார்க்கும் காசு விளையாட்டான 'கொக்குரி-சான்' அப்படியல்ல. பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து, கண்ணாலேயே பார்ப்பது. அதனால்தான் அதன் பிடி பலமாக இருக்கிறது.

ஒரு தாளின் மேற்பகுதியில் ஷின்டோ கோயில் வாசலில் நிற்கும் தோரி வளைவை வரைவார்கள். அதன் இரு பக்கமும் 'ஆம்', 'இல்லை'. கீழே ஹிரகானா எழுத்துகளும் 0 முதல் 9 வரை எண்களும். வளைவின் மேல் ஒரு பத்து யென் காசு. ஆளுக்கொரு ஆட்காட்டி விரலை வைத்து, நரி ஆவியை அழைப்பார்கள். நடுவில் விரலை எடுக்கக் கூடாது. முடிந்ததும் அந்தக் காசைச் செலவழித்துவிட வேண்டும். 1970-களில் ஜிரோ சுனோடாவின் திகில் மாங்கா ஒன்றின் வழியே இது காட்டுத்தீயாகப் பரவ, பல பள்ளிகள் தடையே போட்டன.

பூர்வீகம் ஜப்பான்கூட இல்லை. 1880-களில் ஷிமோடா பக்கம் வந்த அமெரிக்க மாலுமிகள் ஆடிய, பலர் கைவைக்க மேசை தானே நகர்வதுபோல் தோன்றும் விளையாட்டே இதன் மூலம் என்று, ஜப்பானியத் தத்துவ அறிஞர் இனோவே என்ரியோ 1887-இல் எழுதினார். மேசைக்குப் பதிலாக ஜப்பானியர்கள் மூன்று மூங்கில் குச்சிகளைக் கட்டி, மேலே சோற்றுத் தொட்டியின் மூடியை வைத்தார்கள். தாளும் காசும் பிறகு வந்தவை.

அந்த மேசை விளையாட்டை ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1853-இலேயே சோதித்துவிட்டார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே சில அட்டைகளை அடுக்கி, இளகிய பசையால் லேசாக ஒட்டினார். மேசை தானாக நகர்ந்தால் கீழ் அட்டை முந்த வேண்டும், மேல் அட்டை பிந்த வேண்டும். நடந்தது நேரெதிர். மேல் அட்டைதான் அதிகம் நகர்ந்திருந்தது, முந்தியது கை. அடுத்து, கை பக்கவாட்டில் அழுத்தினால் உடனே சாய்ந்து காட்டும் ஒரு மெல்லிய தண்டைப் பொருத்தி, அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். மேசை அசையவே இல்லை. கை செய்வது கண்ணுக்குத் தெரிந்ததும் கை நின்றுவிட்டது!

எதிர்பார்ப்பு இருந்தாலே போதும், தசை அசையும்; அசைத்தவருக்கு அது தெரியாது. உளவியலில் இதைக் கருத்தியக்க விளைவு என்கிறார்கள். ஆனால் ஒரு விரலின் நுண்ணிய தள்ளல் எப்படி முழுச் சொல்லாகிறது? தேர்த்திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்கும் யாருக்கும் நான்தான் தேரை இழுத்தேன் என்று தோன்றாது. ஒருவர் முன்னே சாய, வடம் இறுகுவதை உணர்ந்து அடுத்தவரும் சாய்கிறார். நின்ற தேரைக் கிளப்புவது கடினம், கிளம்பியதை ஓட்டுவது எளிது. காசுக்கும் தாளுக்கும் இடையிலுள்ள உராய்வும் அப்படியே. ஓரிடத்தில் சிக்கி நின்று, பிறகு வெடுக்கென்று கிளம்புவதுதான் உயிருள்ளதுபோல் காட்டுகிறது. ஒரு விரல் லேசாகத் தயங்கினால் போதும், முட்டுக்கட்டை போட்டதுபோல் காசு திரும்பும். தேர் சேர வேண்டிய நிலை எங்கே என்று இழுப்பவர்களுக்குத் தெரியும். சொல்லின் முதல் இரண்டு எழுத்து வந்ததும் மூன்றாவது எங்கே என்று விரல்களுக்கும் தெரிந்துவிடும்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்ணசைவுக் கருவியால் அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, இருவர் கைவைத்து ஆடும் ஓயிஜா எழுத்துப் பலகை; ஆட்டம் வேறு, சங்கதி ஒன்றுதான். தனித்தனியாகப் பார்த்தால், அடுத்த எழுத்தை யாரும் அவ்வளவாக முன்கூட்டிப் பார்க்கவில்லை. இருவரையும் சேர்த்துப் பார்த்தால், யாராவது ஒருவரின் கண் அங்கே முன்பே போயிருந்தது. இந்த எழுத்துக்கு இவர், அடுத்த எழுத்துக்கு அவர். முழுச் சொல்லையும் எழுதியவர் என்று எவருமே இல்லை. அதனால் எல்லோரும் சத்தியம் செய்யலாம். எனக்கு இது எந்தப் பேயையும்விட வியப்பாக இருக்கிறது.

'ஆவியைப் பிடிக்கும் மீட்டர்' என்று காணொளிகளில் மின்காந்தப் புலமானியை ஆட்டிக் காட்டுபவர்கள் இந்தச் சோதனைகளின் பக்கமே வருவதில்லை. புலமானி மின்வயரிங்கைக் கண்டாலும் கீச்சிடும். அதில் ஆவிக்கு எந்தச் சான்றும் இல்லை.

விளையாட்டுதானே என்று விட்டுவிடவும் முடியாது. பிள்ளைகள் கேட்பது தேர்வு மதிப்பெண்ணை மட்டுமல்ல, "நான் எப்போது சாவேன்?" என்றும் கேட்கிறார்கள். காசு திருப்பிச் சொல்வது அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பயத்தை. அதை வெளியிலிருந்து வந்த வாக்கு என்று நம்பும் பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும். தடை போட்டால் ஆட்டம் மாடிப்படிக்குக் கீழே போகும். "நீதான் தள்ளினாய்" என்று அதட்டினால், உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி ஆக்குகிறோம்.

அறிவியல் ஆசிரியர் அந்த ஆட்டத்தை வகுப்பறை மேசைக்கே கொண்டுவரலாம். விளையாடும் மூவரின் கண்ணையும் கட்டி, தாளைச் சத்தமில்லாமல் தலைகீழாகத் திருப்பி வைக்கட்டும். எழுத்துகள் முன்பு இருந்த இடத்தைத் தேடித்தான் காசு போகும். யாரும் பார்க்காத பத்து ரூபாய் நோட்டை உறையில் போட்டு, அதன் எண்ணைக் கேட்கட்டும். அந்த மூவருக்கும் தெரியாத எதுவும் அந்தக் காசுக்கும் தெரியாது என்பதைப் பிள்ளைகள் அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள்.